ஒரு சாண் மட்டும் திறந்த கதவு

அந்த வீட்டில் இரண்டு தலைமையாசிரியைகள் இருந்தார்கள். அண்ணன் மனைவி மாடியில், தம்பி மனைவி கீழே. சொந்தக்காரர்கள் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இருவருடையதும் அரசு நடுநிலைப் பள்ளிகள்தான். நடுவில் ஒரு ரயில்பாதையும் பதினைந்து நிமிட நடையும்.

பெரியவளுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். காலை எட்டரைக்கெல்லாம் பள்ளி வாசலில் நிற்பாள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருடைய அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் அத்துப்படி. சின்னவள் இந்த வேலைக்கு வந்ததே அவளால்தான். கல்யாணமாகி வந்த புதிதில், "சும்மா வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போற?" என்று விண்ணப்பத்தை வாங்கிவந்து கொடுத்தவள் அவள். ஏன் கொடுத்தோம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் கல்வி அலுவலகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. அருகருகே இரண்டு பள்ளிகள் இருந்தால், பிள்ளைகள் குறைவாக உள்ளதை மற்றதோடு இணைத்துவிடலாம் என்றது முதலாவது. தேர்வாகும் சில பள்ளிகளுக்குக் கட்டடம், சுற்றுச்சுவர், கேமரா எல்லாவற்றுக்கும் நிதி உண்டு, விண்ணப்பிக்கலாம் என்றது மற்றது.

சின்னவள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று கேட்டாள்.

"அக்கா, அந்த ஃபாரத்துக்கு நாளைக்குக் கடைசி நாள். போட்டாச்சா? வேணும்னா நான் எழுதித் தரேன்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இவள் எனக்கு எழுதித் தருகிறாளாம்.

"என் ஸ்கூலுக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றாள்.

வேண்டியதாகத்தான் இருந்தது. பள்ளியின் பின்கட்டில் மூன்று வகுப்பறைகள். மேற்கூரையைப் பொறியாளர் ஒருவர் கழியால் தட்டிப் பார்த்தபோது காலிப் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. "எழுதிக் கேளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து முறை எழுதினாள். நிதி வரும்போது பரிசீலிக்கப்படும் என்று ஐந்து முறையும் ஒரே பதில். அறைகளைப் பூட்டலாம். பூட்டினால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? இடமில்லையென்று நாலு பேர் கழன்றுகொண்டால், இணைப்புப் பட்டியலில் முதல் பள்ளி அவளுடையதாக இருக்கும். இணைப்பதென்றால் யாரோடு? சின்னவளோடு. அலுவலகம் கேட்ட பாதுகாப்புப் படிவத்தில் 'மேற்கூரை: பயன்படுத்தத் தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சின்னவளின் பள்ளி தேர்வானது. எட்டே மாதத்தில் உயரமான சுற்றுச்சுவர், காவலாளியோடு ஒரு கேட், இருநூறு பேர் உட்காரும் ஹால் என்று எல்லாம் எழும்பின. திறப்பு விழாவுக்குப் பெரியவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை மேசைமேல் கேமராப் படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் சின்னவளை வாய் வலிக்கப் புகழ்ந்தார்கள். பெரியவள் சிரித்த முகத்தோடு, உள்ளே புழுங்கிக்கொண்டு இருந்தாள்.

கை கழுவலாமென்று ஹாலின் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு கதவு, அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'அவசர வழி'. வெளியே தள்ளினாள். ஒரு சாண் திறந்து டங்கென்று நின்றது. எட்டிப் பார்த்தாள். வெளிப்பக்கம், கதவை ஒட்டியே, புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு சிமெண்டில் மேடை கட்டியிருந்தார்கள். தீப்பிடித்தாலும் அந்த வழியாக ஒரு பிள்ளையும் வெளியே போக முடியாது. இத்தனை பேர் வந்தும் ஒருவரும் அந்தக் கதவைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வரட்டும், நன்றாக மாட்டட்டும் என்று அதை யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்துக்கொண்டாள். சின்னவள் எதிரே வந்து "ஹால் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டபோதுகூட, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

விழா முடிந்து பதினோராம் நாள் காலை, அவளுடைய பள்ளியில் பிள்ளைகள் மைதானத்தில் அசெம்பிளிக்கு நின்றுகொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து மூட்டை சரிந்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஐந்தாம் வகுப்பில் மேற்கூரைப் பூச்சு கட்டில் அளவுக்குப் பெயர்ந்து மூன்றாவது பெஞ்சின்மேல் கிடந்தது. பெஞ்சு இரண்டாகியிருந்தது. அதில் உட்காரும் நாலு பெண்பிள்ளைகளும் மைதானத்தில் முன்வரிசையில் நிற்பதை அவள் கொஞ்சம் முன்புதான் பார்த்திருந்தாள். வகுப்பு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று அறைகளையும் பூட்டினாள். புதிதாக ஒரு படிவம் எடுத்து, 'பயன்படுத்தத் தகுதியற்றது. முன்பு எழுதியது தவறு' என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினாள். பெற்றோர் வந்து கூடினார்கள். ஒரு பெயிண்டர், அந்த நாலு பேரில் ஒருத்தியின் அப்பா, கேட்டார்.

"டீச்சர், கூரை இப்படி இருக்குறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவர் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது பெரியவளுக்கு.

மத்தியானம் ரயில்பாதையைத் தாண்டிப் போனாள். காவலாளி பெயர் எழுதச் சொன்னார், எழுதினாள். சின்னவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு கிளாஸையும் அனுப்புங்கக்கா. ஹால் சும்மாதானே கிடக்கு."

சும்மாதானே கிடக்கு. அந்த நேரத்திலும் அது பெரியவளைக் குத்தியது. ஆனாலும் எழுந்து, சின்னவளை ஹாலின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதவைத் தள்ளிக் காட்டினாள். கதவு டங்கென்று நின்றது.

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. "எப்பப் பாத்தீங்க?"

"திறப்பு விழா அன்னிக்கு."

"பத்து நாளா தினமும் இதுக்குள்ள பிள்ளைங்கள உக்கார வெச்சிருக்கேன். ஒரே வீட்டுல இருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலையேக்கா."

"சொல்லல."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்தான். வேற என்ன சொல்றது."

சின்னவள் போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள். மேடையை உடைத்துத் தொட்டியைச் சமையலறைப் பக்கம் மாற்ற இரண்டு நாளாகும் என்றார் அவர். "அதுவரைக்கும் ஹாலைப் பூட்டி வெச்சிடுறேன். வியாழக்கிழமை அனுப்புங்க" என்றாள். அக்கா என்ற சொல் விடுபட்டிருந்தது. வெகுகாலம் அது திரும்பி வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் பள்ளி விஷயம் மட்டும் பேச்சு. அண்ணனும் தம்பியும் காரணம் தெரியாமல் விழித்தார்கள்.

பெரியவளுக்கு அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. தவறாக எழுதிக் கொடுத்ததற்கு ஒரு இன்கிரிமெண்ட் நிறுத்தம். அதே கோப்பில் அவளுடைய ஐந்து கடிதங்களும் இருந்ததால், மேலே யாரோ ஒருவர் விழித்துக்கொண்டு பின்கட்டுக்கு நிதி ஒதுக்கினார். கட்டி முடிக்க ஒன்றரை வருடம். இணைப்புப் பட்டியல் இரண்டு முறை வந்தது. கட்டடவேலை நடக்கிற பள்ளி என்பதால் இரண்டு முறையும் அவளுடையதைத் தொடவில்லை.

அந்த ஒன்றரை வருடமும் மத்தியானத்தில் அவள் சின்னவளின் பள்ளிக்குப் போய்த் தன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவாள். அவர்கள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புது அறைகள் தயாரானபோது பத்தொன்பது பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பெயிண்டரின் மகளும் அதில் ஒருத்தி. அந்தப் பத்தொன்பது பெயர்களையும் பெரியவள் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள்.

திறப்பு அன்று சின்னவள் வந்தாள். யாரும் சொல்லாமலேயே ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் அகலத் திறந்தன. கடைசி அறையில் ஜன்னலருகே நின்றாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு பெரிய ஜன்னல் வெச்சாங்க? எங்களுக்குப் பொந்து மாதிரிதான் வெச்சிருக்காங்க."

குரலில் இருந்த பொருமல் பெரியவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அதைக் கேட்கத்தான் எவ்வளவு இதமாக இருந்தது. "கேட்டு வாங்கினேன்" என்றாள்.