செபஸ்தியாம்பிள்ளையின் மீன் மிசின்

திரையைத் துடைத்து, வயர் முனைகளில் கிறீஸ் தடவி, மகளின் பழைய ஸ்வெட்டரில் சுற்றித்தான் செபஸ்தியாம்பிள்ளை அதைக் காரின் முன்சீற்றில் வைப்பார். பெல்ட்டும் போடுவார். கடலடியில் மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டுகிற கருவி அது. எசெக்ஸ் கரையோரம் கட்டிவைத்திருக்கும் சின்னப் படகிலிருந்து, குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு முறையும் கழற்றி செவன் கிங்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பற்றறி பின்சீற்றில் வரும். மனைவி பெனிற்றா அக்காவும் பின்சீற்றுத்தான்.

மீன்பிடி ஊரான பேசாலைக்காரர். அறுபதை நெருங்குகிறார். உறைந்த இறைச்சி அடுக்கும் குளிர்க் கிடங்கில் வேலை.

"எனக்குச் சம்பளம் தாறதே குளிர்தான் தம்பி. அது என்னென்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியும்," என்பார், மேல்மாடியில் குடியிருக்கும் என்னிடம். கையை விரித்துக் காட்டுவார். இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும், பாவம்.

போன வாரம் இரட்டை ஷிப்ட். சனிக்கிழமை படகுக்குப் போய் வந்தவர், அசதியில் கருவியைக் கழற்ற மறந்து, வந்து படுத்துவிட்டார். அன்றிரவு பார்த்தா அப்படிப் பனி உறைய வேண்டும்! காலையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகாமல் ஓடிப்போய் எடுத்துவந்தார். திரை ஈரம் படிந்து கறுத்துக் கிடந்தது.

"இது செத்திட்டுதெண்டால் போட்டையும் வித்துப்போடுவன். திரும்பத் தொடங்க என்னால ஏலாது."

"பொத்தானை அமத்திப் பார்ப்பமே அண்ணை," என்றேன்.

"பொறும் தம்பி. குளிருக்குள்ள கிடந்த சாமானுக்குச் சூடு பட்டால் உள்ளுக்கை வேர்க்கும். வேலையில எங்கட ஸ்கானருகள் அப்பிடித்தான் பழுதாப் போறது. முதல்ல காயட்டும்."

ஹீட்டர் இல்லாத நடையில் கதிரை போட்டு அதை வைத்தார். எதிரே மாடிப்படியில் தான் உட்கார்ந்துகொண்டார்.

ஒருமுறை அந்தப் படகில் அவரோடு போயிருக்கிறேன். மீன் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இந்த மனிதர் முதுகு நிமிர்ந்து இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். படகும் போனால் அவருக்கு மிஞ்சுவது கிடங்கும் கட்டிலும்தான்.

பொழுது சாய்ந்தது. திரையில் ஈரமில்லை. பற்றறியும் வயரில் பூட்டியாயிற்று. பொத்தானை அமத்த மட்டும் அவர் எழும்பவில்லை.

"இஞ்சாருங்கோ, அது எப்பவோ காஞ்சிட்டுது. நான் அமத்தட்டே?" என்று பெனிற்றா அக்கா பொத்தானை நோக்கி விரலை நீட்டினார்.

செபஸ்தியாம்பிள்ளை அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விடவே இல்லை.