மூன்று விசில் மருந்து

சான்டா கிளாராவில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டில் சாம்பார் தாளித்தாலே மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். ஒருமுறை மேனேஜரையே கூட்டி வந்துவிட்டார். நான் வாயாடி, பதிலுக்குப் பதில் பேசி அனுப்பினேன். விசிட்டர் விசாவில் கோபியிலிருந்து வந்திருந்த அப்பாதான் வெலவெலத்துப் போனார். மகளை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

அவருக்கு மூட்டுவலி. அந்தக் குளிரில் ஒரேயடியாக அதிகமாகிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத மனிதரை எங்கே காட்டுவது? ஆபீஸ் தோழி சொன்ன சீன வைத்தியரம்மாவிடம் அழைத்துப் போனேன். இஞ்சியும் பட்டையும் ஒரு பொட்டலத்தில், கறுப்பு வேர்த் துண்டுகள் தனியாக இன்னொன்றில். நம்மூர் நாட்டு மருந்தில் சேர்க்கும் நாபிக் கிழங்கின் இனம்தான் அந்த வேர், விஷம். அதை மட்டும் முதலில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து மரத்துப்போனால் குடிக்கவே கூடாது என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொன்னார். நானும் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். முதல் வாரம் நானே காய்ச்சிக் கொடுத்தேன். அப்பா கைப்பிடி பிடிக்காமல் படி இறங்கினார். நல்ல மருந்துதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொதிக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். மேல்வீட்டுக்காரர் மறுபடியும் வந்து தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பா ஆபீஸுக்குப் போன் செய்தார்.

"மருந்த நானே வெச்சுக் குடிச்சுட்டேன் கண்ணு. வாசம் வெளிய போகக்கூடாதுன்னு குக்கர்ல போட்டு மூணு விசில் உட்டேன்."

"மூணு விசிலா? நாக்கு மரத்துச்சாப்பா?"

"நாக்கு, ஒதடு, கையெல்லாம் மதமதன்னு இருக்குது. இன்னைக்குத்தான் நல்லா வேலை செய்யுது."

"ஆம்புலன்ஸ் வரும், கதவத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு 911-ஐ அழைத்தேன். பிறகு ஃப்ரீவேயில் அழுதுகொண்டே ஓட்டினேன்.

நான் போவதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது.

நடந்ததை மேனேஜர்தான் சொன்னார். அப்பாவால் எழுந்து வந்து கதவைத் திறக்க முடியவில்லை. மேனேஜர் தன் சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். பின்னால் யூனிஃபார்மில் ஆட்கள். அவர்களைப் பார்த்ததும் அப்பா தரையில் கிடந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"ஸாரி சார். டாட்டர் நோ மிஸ்டேக். நோ குக்கிங் சார், நோ குக்கிங்."