அற்புதம் படித்த எம்.ஏ.

அற்புதம் ஏற்காடு மலையிலுள்ள கொட்டச்சேட்டுப் பெண். அப்பா ஆரோக்கியதாஸ் அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். தினமும் பத்திரிகை படித்து, வெளிநாட்டுச் செய்திகளை அம்மாவுக்கு விளக்கிக் கொண்டிருந்த மகள், சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் எம்.ஏ. சேர்ந்தாள். லெக்சரர் ஆவதுதான் அவள் கனவு.

சர்வதேச உறவுகள், புள்ளியியல் இரண்டையும் பேராசிரியர் சின்னசாமியே நடத்தினார். பழுத்துப்போன நோட்ஸை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, வாசித்துக்கொண்டே போவார். அதைப் பார்த்தாலே அற்புதம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் ஒருநாள், "சோவியத் யூனியன் இன்று மாபெரும் வல்லரசாக விளங்குகிறது" என்று வாசித்தார்.

அற்புதம் எழுந்தாள். "ஏனுங்க சார், அது போன மாசமே கலைஞ்சு போச்சுங்களே?"

"சிலபஸ்ல கலையலியே. எழுதும்மா."

வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரஷ்யாவுக்குப் போகிற காபி நின்றுவிட்டதென்று சொல்லி, எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பெண்களைப் பாதிப் பேராகக் குறைத்திருந்தார்கள். நடப்பதைச் சொல்லித்தர வேண்டிய இடத்தில் நின்று இந்த மனிதர் பழைய நோட்ஸைப் புரட்டிக்கொண்டிருக்கிறாரே என்று அருவருப்பாக இருந்தது.

அடுத்த மாதம் புள்ளியியலுக்காக ஒரு கள ஆய்வு. மலைக்காரி என்பதால், தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளைச் சின்னசாமி அவளிடம் ஒப்படைத்தார். மக்கள் எதை யோசித்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். அற்புதம் நாற்பது வீடு ஏறி இறங்கினாள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பாப்பாத்தி ஒளிக்காமல் சொன்னாள்: "லாரியில ஏத்திக்கிட்டுப் போவாங்க கண்ணு. எஸ்டேட்டுக் கணக்கெழுதுற ரைட்டரு சொல்ற சின்னத்துல குத்திட்டு வருவோம். நொம்ப ரோசனை பண்ணுனா வேலை போயிருமில்ல?"

பல வீடுகளில் இதே பதில். எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

சின்னசாமி பெயரில் தட்டச்சாகி வந்த கட்டுரையில் அவளுடைய நாற்பது வீடு இருநூறாகியிருந்தது. எண்பத்தைந்து சதவீதம் பேர் கொள்கையை ஆராய்ந்து வாக்களிப்பதாக அட்டவணை சொன்னது. அற்புதம் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"நான் போன ஊட்ல யாரும் இப்படிச் சொல்லலீங்க சார்."

"நாப்பது வீட்டை வெச்சுக்கிட்டு டெல்லி செமினாருக்குப் போக முடியுமா? கணக்கு அழகா வரணும்மா. கடைசியில நன்றின்னு உம்பேரையும் போட்டிருக்கேன், பாரு."

"எடுத்துருங்க சார்."

அவர் சிரித்தார். அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு வெளியே வந்தாள். குழாயடியில் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

அவர் கையிலிருந்த மதிப்பெண் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில்தான் தேறினாள். அந்த வகுப்புக்குக் கல்லூரியில் வேலை கிடைக்காது; லெக்சரர் கனவு அதோடு போயிற்று.

"ஒரு பேருதானே கண்ணு, இருந்துட்டுப் போவுது" என்றார் ஆரோக்கியதாஸ்.

"பாப்பாத்தியக்கா சொல்லாததைச் சொன்னதா எழுதியிருக்காங்கப்பா. அதுக்கு நானும் உடந்தைன்னா, அந்த ஊட்டு வாசல்ல எப்படிப் போயி நிப்பேன்?"



ஏற்காட்டில் ஒரு சிறிய பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையானாள். சில வருடம் கழித்து, துறைத்தலைவராகிவிட்ட சின்னசாமி அந்தப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். அவருடைய பழைய மாணவி என்று தெரிந்து, தலைமையாசிரியை மாலையை அற்புதத்திடம் கொடுத்தாள்.

"வேற யாராச்சும் போடட்டுங்க மேடம். இவருக்குப் போட எனக்குக் கை வராது" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அற்புதம் ஆளில்லாத தன் வகுப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.