ஒரு மடக்குத் திராட்சரசம்

முதலில் கோணியது கையெழுத்து. ஸ்ரீவைகுண்டத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு நாள் காலையில் 'கிழக்கெல்லை' என்று எழுதப் போனால் பேனா தாளில் தந்தியடித்தது. சாராயம் உள்ளே போன பிறகுதான் கை நின்றது. அதை மருந்தென்று நம்பி மேலும் இரண்டு வருஷம் குடித்தேன்.

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஈரல் வீக்கம் (வலது விலாவுக்குக் கீழே தடித்துக் கல்லாவது) என்றார். குடி நின்ற மூன்றாம் நாள் சன்னி கண்டது (இல்லாததைக் கண்டு பிதற்றுவது). சுவரெல்லாம் நண்டு ஊர்கிறது என்று கத்தினேனாம். கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள்.

"ஒரு மடக்கும் ஆகாது வே," என்றார் டாக்டர். "ஒண்ணு உள்ள போனா மிச்சத்தை அதுவே கேட்டு வாங்கிக்கிடும்."

என் மனைவி கிருபை அப்போது பாளையங்கோட்டையில் தகப்பன் வீட்டில் இருந்தாள். மாமனார் சபையில் உபதேசியார். குடிகாரனைத் திருவிருந்திலிருந்து (கோவிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் சடங்கு) விலக்கி வைப்பது எங்கள் சபை வழக்கம். விலக்கப்பட்டவனுக்கு அப்பமும் இல்லை, கிண்ணமும் இல்லை. மாமனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சபை உம்மைத் திருவிருந்துல சேக்கட்டும். அன்னைக்கே என் மகளை அனுப்புதேன்."

ஆகவே மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்தேன். வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஆர்மோனியம், பாட்டு, பிரசங்கம். பேசினவர்களில் ஒருவர்கூடக் கள்ளை மோந்து பார்த்தவரில்லை. என்னை வாரந்தவறாமல் எழுப்பி நிறுத்தி, "இதோ, இந்தச் சகோதரன்" என்று காட்டினார்கள். அங்கே நோயாளி நான் ஒருவன்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்த நல்லவர்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் கிருபைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் குடிக்காமல் இருந்தேன்.

அதற்குப் பரிசாக ஈஸ்டர் அன்று என்னைத் திருவிருந்தில் சேர்த்தார்கள். கிண்ணத்தில் இருந்தது சர்பத்தல்ல, புளித்த திராட்சரசம். குடியை விட்டவனைப் பாராட்டிக் குடிக்கக் கொடுக்கிறோமே என்று அத்தனை நல்லவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அதுதான் வெட்கம். ஒரே ஒரு மடக்கு. தொண்டையில் இறங்கிய சூட்டை உடம்பு அடையாளம் கண்டுகொண்டது. ஆராதனைக்கு வந்திருந்த கிருபை பெண்கள் பக்கத்தில் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம் நான் சாராயக்கடையில் இருந்தேன். பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சேலைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். திருந்தாத ஜென்மம் என்று சபை என்னைக் கைகழுவியது.

சில மாதம் கழித்து உவரியிலிருந்து கருவாட்டு வியாபாரி சவரிமுத்து ஒரு பத்திரத்துக்காக வந்தார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுதே வே. எனக்கும் இப்படித்தான் ஆடிச்சு. சாயங்காலம் அணைக்கட்டுப் பக்கம் வாரும்."

போனேன். நான்கு பேர் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் குடித்துக் கெட்டவர்கள். சாராயக்கடையில் கூட்டம் சேரும் நேரம்தான் அவர்கள் கூடும் நேரம். ஜெபமில்லை, புத்திமதி இல்லை. "இன்னைக்கு வேணும் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால், ஆசை அடங்கும்வரை மற்றவர்கள் அவரை விட்டு நகர மாட்டார்கள். அவ்வளவுதான். கூட்டம் தேடுகிறவர்களே, உள்ளே போனதும் உங்களைப் போலக் கை நடுங்கினவன் ஒருவனாவது இருக்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

சவரிமுத்து கத்தோலிக்கர்; ஈஸ்டர் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எங்க கோயில்ல கிண்ணம் சாமியாருக்கு மட்டுந்தான். நான் தப்பிச்சது அதனாலதானோ என்னமோ," என்றார்.

ஒரு வருஷம் குடிக்கவில்லை. பிறகு எங்கள் ஐயரிடம் போய், அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஐயர் என்றால் எங்களுக்குக் குருவானவர்.

"அப்பம் மட்டும் வேணும்னா உவரிக்குப் போவும். இங்கன ரெண்டும் உண்டு," என்றார்.

கிருபையிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க குடிக்கலன்னு நான் நம்புதேன். ஆனா எல்லாரும் முழங்கால் போடுதாவ, நீங்க மட்டும் பெஞ்சுல இருந்தா ஊரு என்ன சொல்லும்? அப்பா விடுவாவளா? ஒரு மடக்குத்தான? உங்களால முடியாதா?"

முடியாது என்றேன். அவள் வரவில்லை. குடித்த காலத்தில்கூட அவள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

இப்போது மூன்று வருஷம். கை நடுங்கவில்லை, ஈரல் தடிப்பு வற்றிவிட்டது. ஆனால் இந்த உடம்பை நான் நம்புவதில்லை. வருஷக் கணக்கும் எனக்கு அர்த்தப்படுவதில்லை; ஆசை கிளம்பி அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை, திருவிருந்து ஞாயிறன்று, கிருபையைப் பார்க்கவே பாளையங்கோட்டைக் கோவிலுக்குப் போகிறேன். எல்லாரும் முன்னால் போவார்கள். நான் நடைபாதை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் முழங்காலிட்டுக் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னை ஒட்டினாற்போல் திரும்பி வருவாள். அவள் மூச்சில் அந்த வாசனை வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாத குடிகாரன் என்று பின்பெஞ்சுக்காரர்கள் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும்.