தண்ணீர் ஊற்றாத மூன்று பாத்திகள்

கனகாக்கா இறந்துவிட்ட செய்தியை, கரையான்சாவடிக்குக் கீரை ஏற்றிப்போன வண்டிக்காரர் கொண்டுவந்தார். மகள் வீட்டில் நான்கு நாள் காய்ச்சலாம். கேட்டதும் அழுதோம். பிறகு யாரோ அந்த மூன்று பாத்திகளை ஞாபகப்படுத்த, அழுகையோடே சிரித்தோம். அவரைத் தெரிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பேசச் சொன்னால் எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கோவில்பதாகைக் கீரைக்கொல்லையில் அவர் பாத்திகளுக்குப் பக்கத்தில் என் பாத்திகள். எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். குடத்தைக் கண்டால் மட்டும் இடுப்பு வலி வந்துவிடும். "நாளிக்கு மய பெய்யும்டி, இன்னாத்துக்கு ஊத்தணும்?" என்பார். சித்திரையிலும் அதையே சொல்வார்.

யுத்தத்துக்காக ஆவடியில் கொட்டகைகள் எழும்பிய சமயம். சேக்காட்டுச் செங்கல் சூளைகளில் விறகு போதாமல் நிலக்கரி எரித்தார்கள். ஒருநாள் காலை நாங்கள் தண்ணீர் ஊற்றி முடித்ததும் காற்று திரும்பி, புகை கொல்லைமேல் படிந்தது. இரண்டு நாளில் கீரையெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைத் திட்டு. கனகாக்காவின் மூன்று பாத்திகள் மட்டும் தலை தொங்கி, ஆனாலும் பச்சையாக நின்றன.

முதலாளி நேரே அவரிடம் வந்தார். "மத்தவங்க பாத்தியில இன்னாத்த கொட்டின? நாளிலேர்ந்து வேலைக்கு வராத."

ஓயாமல் பேசுகிறவர் காலிக் குடத்தை முந்தானையால் மறைத்தார். உண்மை எனக்குத் தெரியும். வெளியே சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "அக்கா எதுவும் கொட்டல. நாலு நாளா தண்ணிகூட ஊத்தல."

கொல்லையே சிரித்தது. "வாயில்லாத பொண்ணுன்னு நம்பினேன், மானத்த வாங்கிட்டாளே" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இலையில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றின் வழியாக அது மூச்சு விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை முணுமுணுத்தேன். அக்கா உடனே பிடித்துக்கொண்டார்.

"அதான் நைனா! தண்ணி குடிச்ச எல வாயத் தொறந்துகினு பொகையத் தின்னுச்சி. என்னுது தாகத்துல வாய மூடிகினு கீது."

முதலாளி நம்பவில்லை. அடுத்த புகைக்குப் பாதிக் கொல்லையைக் காயவிடுவது, அதிலும் திட்டு விழுந்தால் அக்கா கிளம்புவது என்று முடிவானது. புகை மறுபடி எங்கள் பக்கம் சாய்ந்த அன்று விடியற்காலையிலிருந்து அக்கா அதையே பார்த்தபடி நின்றார். காய்ந்த பாதியில் ஓரங்களில் சில புள்ளிகள் விழுந்ததோடு சரி. நனைந்த பாதி வெளுத்துப்போனது.

அதன்பின் புகை எங்கள் பக்கம் சாய்ந்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அது விலகியதும் ஊற்றுவோம். "என் சோம்பேறித்தனந்தான் உங்களுக்குச் சோறு போடுது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய பித்தளைக் குடத்தை மகள் எனக்குக் கொடுத்தார். அதிகம் உழைக்காத குடம், ஒரு நசுங்கல்கூட இல்லை. இன்று காலை புகை இந்தப் பக்கம் சாய்ந்தது. அது தெரியாமல் புதிதாக வந்த இரண்டு பெண்கள் தண்ணீரோடு பாத்தியில் இறங்கினார்கள். "ஊத்தாதீங்க!" என்று கொல்லை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.