சுவருக்கு அப்பால் எங்கள் மனை

அப்பா அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்தார். அவருடைய ஓய்வு நாள் எந்தக் கிழமையில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பள்ளி விடுமுறையும் அதுவும் ஒன்றாக வந்துவிட்டால் அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். கன்னியாகுமரிக்கு ஊரே போகும். அப்பாவுக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது. "நாளு முழுக்க ஆளுகளத்தானே பாக்கேன், அங்கயும் போய் ஆளுகளப் பாக்கவா?" என்பார்.

போகும் வழியில் பேருந்து டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அப்பா முகம் சுளிப்பார். இறங்கித் தென்னந்தோப்பைத் தாண்டினால் மணல். கடல் எங்கோ தூரத்தில் கிடக்கும். வெயில் நேரத்தில் அந்த மணலைக் கடப்பதற்குள் உள்ளங்கால் வெந்துவிடும். நானும் தம்பியும் அடம்பங்கொடி படர்ந்த இடமாகப் பார்த்துத் தாவித் தாவி ஓடுவோம். அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கும் தூக்குவாளியில் மீன் கறியும் கொண்டுவருவாள். வீட்டில் அம்மா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நண்டு துரத்துவாள். நண்டு வளைக்குள் போனதும் அப்படியே மணலில் உட்கார்ந்து மூச்சிரைக்கச் சிரிப்பாள். அப்பா நண்டைப் பார்க்கமாட்டார்.

தோப்பின் ஓரத்தில் ஒரு மீனவர் வீடு இருந்தது. அந்த வீட்டு மாமி கிணற்றில் குடிக்க வெள்ளம் கோரித் தருவாள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இது எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

ஓய்வு பெற்றதும் அப்பா செய்த முதல் காரியம், மாமியின் வீட்டை ஒட்டி ஒரு துண்டு மனை வாங்கியது. எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மாவிடமே சொன்னார்.

"ரெண்டு ரூம் போரும். முன்னால ஒரு வராண்டா. நீ கடலப் பாத்துட்டு இருக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மா. மறுநாளே அடுக்களை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள்.

அஸ்திவாரம் கட்டி முடித்தார்கள். தம்பி அப்போது சார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போனில் கூப்பிடும்போதெல்லாம், "செவரு எழும்பியாச்சா?" என்பான்.

எழும்பவில்லை. அந்த ஆண்டு ஆனியிலும் ஆடியிலும் கடல் பொங்கி, கரை மணலை இழுத்துக்கொண்டு போனது. இழுத்ததைக் கடலே பிறகு கொண்டுவந்து போட்டுவிடும், எப்போதும் அப்படித்தான் என்று மாமியின் கணவர் சொன்னார். கொண்டுவந்து போடவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் உள்ளே வந்தது. மேற்கே எங்கோ கடலுக்குள் கல் போட்டதால்தான் இங்கே அரிக்கிறது என்றார்கள் சிலர். மணல் அள்ளியதால் என்றார்கள் வேறு சிலர். எது சரி என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. தோப்பில் தென்னைகள் வேர் தெரிய நின்று, ஒவ்வொன்றாகக் கடலுக்குள் சாய்ந்தன.

பிறகு கல்சுவர் போட வந்தார்கள். லாரி லாரியாகப் பாறை. சுவர் எங்கே வரும் என்று கயிறு பிடித்துப் பார்த்தபோது அப்பா அங்கே இருந்தார். எங்கள் அஸ்திவாரமும் மாமியின் வீடும் கயிற்றுக்குக் கடல் பக்கமாக இருந்தன.

"சார், கொஞ்சம் அங்கோட்டு தள்ளிப் போடப்பிடாதா?" என்று வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டாராம்.

"அங்க கல்லு நிக்காது பெரியவரே. இனி அந்த எடத்த எடம்னு நெனைக்காதீங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே வார்த்தைகளில் சொன்னார். அம்மா சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா அங்கே போகவில்லை. அப்பா மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். பாறைமேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். அலை பின்வாங்கும்போது அஸ்திவாரத்தின் ஒரு மூலை தெரிந்தது. அடுத்த அலையில் மறைந்தது.

"என்னத்துக்குப்பா இஞ்ச வந்து இருக்கிய?"

"வேற எங்க போவச் சொல்லுக?"

அடுத்த மழைக்காலத்தோடு அந்த மூலையும் போய்விட்டது. நெஞ்சுவலி வந்து விழும்வரை அப்பா போனார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பி போனில், "சொகமாயிட்டு வாங்கப்பா, வேற எடம் பாப்போம்" என்றான். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரமே இறந்துபோனார்.

இந்த முறை விடுமுறைக்கு வந்த தம்பி, பிள்ளைகளுக்கு அந்தக் கடற்கரையைக் காட்ட வேண்டும் என்றான். நான் வேண்டாம் என்றேன். "முழுசாவா போயிருக்கும், அக்கா?" என்று கேட்டான். நான் நினைக்கவே இல்லை, அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

கல்சுவரை ஒட்டிக் காரை நிறுத்தினோம். பாறை இடுக்குகளில் கிழிந்த வலையும் பிளாஸ்டிக் பாட்டில்களும் சிக்கிக் கிடந்தன. "பீச் எங்கப்பா?" என்று கேட்ட பிள்ளைகள், நாற்றம் தாங்காமல் காருக்குள் ஏறிக்கொண்டார்கள். தம்பி பாறைமேல் ஏறி நின்றான். இறங்க நெடுநேரம் ஆனது.

அந்த வழியாக மாமி வந்தாள். கணவர் இப்போது உயிரோடு இல்லை. உள்ளே ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாளாம். அம்மாவை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இம்புட்டு நாளா வரேல்லியே."

"வந்து என்னத்தப் பாக்க?" என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "உன் வீடு எங்கயாக்கும் நின்னுது?" என்று கேட்டாள்.

மாமி கடலுக்குள் கை காட்டினாள். "அன்னா, நொர அடிக்கில்லா, அதுக்கும் அங்கோட்டு."

அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "எனக்கு ஒரு அடையாளமும் தெரியேல்ல."

"எனக்கும் தெரியாதுக்கா. சும்மா காட்டுனேன்."

திரும்பும் வழியில் நாகர்கோவில் நெருங்கும்போது தம்பி, பிள்ளைகளின் படிப்பைச் சார்ஜாவிலேயே பார்த்துக்கொள்ளப் போவதாகவும் இனி ஊரில் வீடு கட்டும் எண்ணம் இல்லை என்றும் சொன்னான். அம்மா மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அங்கயே இரி மக்கா" என்றாள். "இஞ்ச என்ன இருக்கு?"