ஆணியில் தொங்கிய சாவிகள்

பழுப்பு நிறத்தில் ஒரு மரப்பலகை, மூன்று வரிசையாக அடித்த ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எண் பொறித்த பித்தளை வில்லையோடு ஒரு சாவி. எழும்பூரில் மியூசியத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில் நான் வேலை பார்த்த மூன்று வருடமும் அந்தப் பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. செத்த காலேஜ் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அந்த மியூசியத்தைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். தங்க அறை இருக்கிறதா, சாப்பிட நல்ல இடம் எது. இரண்டுக்குமான பதிலை மானேஜர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சாப்பாடு என்றால் கீழே அவருடைய சகலை நடத்தும் ஓட்டல். அறை என்றால் ஆளைப் பார்த்து. தனியாக வரும் பெண்ணுக்கு இல்லை. முஸ்லிம் பெயருக்கு இல்லை. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் உள்ளறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தலையை அசைப்பார், நான் 'ஃபுல்' என்பேன். எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அப்படிச் சொன்னதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அது நல்ல காரணம் இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி, அடையாற்றின் கரையில் எங்கள் வீடு இருந்தது. ஒரு நாள் எங்கள் வரிசை முழுவதையும் இடித்துவிட்டு, எங்களை நகரத்துக்கு வெளியே அரசு கட்டிய அடுக்குமாடிகளில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலையும் கிடைக்காது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். லாட்ஜில் சேரும்போது சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறி வந்துபோனதை யாரிடமும் சொல்லவில்லை. விலக்கப்பட்ட ஒருத்தி மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களை விலக்கிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்தது ஒரு காலை வேளையில். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுப்பு புர்கா, தோளில் கேன்வாஸ் பை, ஒரு காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார். வேலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியை என்றார். மியூசியத்தின் செப்புச் சிலைகளை வரைய மூன்று நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். பெயர் சொல்லி அடையாள அட்டையை நீட்டியதும் நான் கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். தலை அசைந்தது.

"ரூம் இல்ல மேடம். ஃபுல்."

அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். "அந்தச் சாவியெல்லாம் யாருதும்மா?"

நான் பதிவேட்டைப் புரட்டினேன்.

"இது நாலாவது லாட்ஜ்ம்மா. மத்த மூணு எடத்துலயும் இதையேதான் சொன்னாங்க. நான் சண்டைக்கு வரல. ரூம் ஏன் இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு, போயிடறேன்."

மானேஜர் வெளியே வந்தார். "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம்மா. இங்க ஃபேமிலிக்கு மட்டும்தான்."

"சரி, அதையே எழுதிக் குடுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். டீச்சர் எனக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஓவியத் தாளை எடுத்தார். வரையத் தொடங்கினார். பலகையை, ஆணிகளை, தொங்கிய சாவிகளை, வில்லைகளில் இருந்த எண்களைக்கூட விடவில்லை. அரைமணி கழித்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மானேஜரே சிரித்த முகத்தோடு ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ரப்பரை எடுத்துத் தன் படத்தில் அந்தச் சாவியை மட்டும் அழித்தார். ஆணியை விட்டுவிட்டார். காகிதத் துகளை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டை இடித்த அன்று அம்மாவும் இதைத்தான் கேட்டாள். "எங்க வூட்ட ஏன் இடிக்கிறீங்கன்னு எழுதிக் குடுங்க சார்." யாரும் எழுதித் தரவில்லை.

லாட்ஜ் பெயர் அச்சடித்த தாளை எடுத்தேன். 'அறைகள் காலியாக உள்ளன. இவர் தனியாக வந்த பெண், முஸ்லிம் என்பதால் அறை தர வேண்டாம் என்று மானேஜர் சொன்னார்.' கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தி டீச்சரிடம் நீட்டினேன். மானேஜர் ஓடி வருவதற்குள் அது டீச்சருடைய பைக்குள் போய்விட்டது.

மானேஜரின் குரல் அப்படியே மாறியது. "மேடம், சின்னப் பொண்ணு, புரியாம எழுதிட்சி. நீங்க ரூம் எடுத்துக்கங்க. அந்தப் பேப்பர மட்டும் குடுத்துடுங்க."

"ரூம் எடுத்துக்கறேன், அதுக்குத்தான் வந்தேன். பேப்பர் என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் மாடிக்குப் போனதும் மானேஜர் என் பக்கம் திரும்பினார். "நாளைலேர்ந்து வராத. நீ எந்த ஏரியான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா?"

"தெரிஞ்சா இன்னா சார்? அங்கேர்ந்துதான் வர்றேன்."

அதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. சொன்னதற்காக வருந்தவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வேலை போன செய்தியைச் சொன்னேன். உடனே சாவியைத் திருப்பித் தரப் போனார். நான்தான் தடுத்தேன். "நீங்க போயிட்டா அவரு ஜெயிச்ச மாதிரி ஆயிடும் டீச்சர். மூணு நாளும் இருங்க." சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, பசிக்குது. இங்க நல்ல சாப்பாடு எங்க கெடைக்கும்?" என்றார். சகலை ஓட்டலைத் தாண்டி, சந்தின் கடைசியில் ஊழியர்கள் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். நடத்தும் அக்கா வஞ்சிர மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இவ்ளோ நாளா ஒரு கஸ்டமரையும் நீ இட்டுனு வந்ததில்லயே" என்றாள். டீச்சர் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகு அவரோடு மியூசியத்துக்குள் போனேன். மூன்று வருடம் கூப்பிடு தூரத்தில் வேலை பார்த்தவள் அன்றுதான் முதல்முறை உள்ளே கால் வைத்தேன். அவர் ஒரு அம்மன் சிலையின் கையை மட்டும் சாயங்காலம் வரை வரைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் ஊருக்குப் போனார். அதன் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. அந்தத் தாளை அவர் என்ன செய்தார் என்றும் எனக்குத் தெரியாது.

வேறு வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. இந்த முறை விண்ணப்பத்தில் சொந்த முகவரியை எழுதினேன். இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு விருந்தினர் இல்லத்தின் மானேஜர் நான். அறை காலியாக இருந்தால் இருக்கிறது என்று சொல்வேன்.

போன மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, வேலையெல்லாம் விசாரித்துவிட்டு, "சொந்த ஊர் எதும்மா?" என்றார்.

"இதான் சார்."

"இங்கயா? எந்தத் தெரு?"

ஜன்னல் வழியாக ஆற்றங்கரையைக் காட்டினேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். நான் எழுந்திருக்கவில்லை. "நான் பொறந்ததே அங்கதான். நீங்க இந்த வீட்டுக்கு எப்ப வந்தீங்க சார்?" என்று கேட்டேன்.